2147483647: பகா எண்ணாக இருப்பதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "2147483647 ஒரு பகா எண் என்று படித்தேன். ப்ரோக்ராம் எழுதும்போதும் இதே எண்தான் வந்து நிற்கிறது. பகா எண் என்பதால்தான் இதை எடுத்துக்கொண்டார்களா? கால்குலேட்டரே இல்லாத காலத்தில் இது பகா எண் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வேறு ஏதாவது விசேஷம் உண்டா?"

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. இது பகா எண்ணா பகு எண்ணா என்பதைப் பற்றி கம்ப்யூட்டருக்கு ஒரு கவலையும் கிடையாது. 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் இடம்) இருக்கிறது, அதில் ஒரு பிட் மைனஸ் குறிக்குப் போய்விடுகிறது, மிச்சம் இருக்கும் 31 பிட்டும் 1 ஆக இருந்தால் வருகிற எண் 2³¹ − 1, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அவ்வளவுதான் கதை. 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டு வரும் பழைய 32 பிட் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8:44:07-க்கு இந்த எண்ணைத் தொட்டுவிட்டு, அடுத்த நொடியே 1901-க்குக் குதிக்கும் என்று சொல்வதும் இதனால்தான். அங்கேயும் பகா எண்ணுக்கு வேலை இல்லை.

ஆனால் தற்செயல் என்றாலும் அழகான தற்செயல். 8 பிட்டில் பெரிய எண் 127, பகா எண். 16 பிட்டில் 32767, அது 7 × 31 × 151. 32 பிட்டில் நம் எண், பகா எண். 64 பிட்டில் 2⁶³ − 1, அதை 7 வகுத்துவிடும். 128 பிட்டுக்குப் போனால் 2¹²⁷ − 1, மறுபடியும் பகா எண், 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் கண்டுபிடித்தது. ஒன்று விட்டு ஒன்று! இதில் பாதிக்குக் காரணம் சொல்லலாம். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மொத்த எண்ணும் கண்டிப்பாகப் பகு எண்தான்; 15, 63 இரண்டும் 3-இன் மடங்கு என்பதால் 2³ − 1 = 7 இரண்டையும் வகுக்கும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் உத்தரவாதம் எதுவும் இல்லை. 2¹¹ − 1 = 2047 = 23 × 89 என்று கவிழ்ந்துவிடுகிறது. அடுக்கு 7, 31, 127 ஆக இருக்கும் மூன்று இடத்திலும் பகா எண் கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரி 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைவான பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். நம் எண் அந்த வரிசையில் எட்டாவது (அடுக்குகள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31).

சரி, விசேஷத்துக்கு வருவோம். இந்த எண்ணைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லாமே கடைசியில் ஒரே விஷயத்தில்தான் போய் முட்டும்: 2³¹-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. இதென்ன பெரிய விஷயம், ஒன்று கூட இருக்கிறது அவ்வளவுதானே என்று தோன்றும். 9-ஐ நினைத்துப் பாருங்கள். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1, அதனால்தான் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் இலக்கங்களைக் கூட்டியே 9-ஆல் வகுபடுமா என்று பார்த்துவிடுகிறோம். அதே சலுகை இங்கேயும் உண்டு. ஒரு பெரிய எண்ணை பைனரியில் எழுதி, 31 பிட் 31 பிட்டாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் போதும், நம் எண்ணால் வகுத்த மீதி வந்துவிடும். வகுத்தல் என்ற செயலே தேவையில்லை. இன்னும் வேடிக்கை, 2-ஆல் பெருக்கி மீதி எடுப்பது என்பது 31 பிட்டையும் ஒரு வட்டத்தில் ஓர் இடம் நகர்த்துவது மட்டுமே. முன்னால் வெளியே விழும் பிட் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இப்போது இது பகா எண் என்று நிரூபணமான 1772-க்குப் போகலாம். அதற்கு முன்னால் இத்தாலியின் கட்டால்டி 1588 வாக்கிலேயே 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று வகுத்து வகுத்துச் சரிபார்த்திருந்தார். அங்கேயே நின்றிருந்தால் பெயர் கெட்டிருக்காது. 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண் தரும் என்று அடித்துவிட்டார். 23-ஐயும் 37-ஐயும் ஃபெர்மா 1640-இல் உடைத்தார் (2²³ − 1-ஐ 47 வகுக்கும், 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும்). 29-ஐ சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் 1738-இல் உடைத்தார், அது 233 × 1103 × 2089. நாலில் மூன்று போச்சு. மிச்சம் இருந்தது 31 மட்டும். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி (மேலே சொன்ன பெயர் இவருடையதுதான்) வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது, ஆனால் அந்தப் பட்டியலிலேயே 67, 257 என்ற தப்பான அடுக்குகளும் இருந்தன, 61, 89, 107 விட்டுப்போயிருந்தன. ஆக யார் சொல்லையும் நம்ப முடியாத நிலை.

ஆய்லர் அப்போது பீட்டர்ஸ்பர்க்கில், 65 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார், பார்வை ஏறக்குறைய முழுசாகப் போயிருந்தது. பெர்னூலி குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிய ஒரு கடிதத்தில்தான் 2³¹ − 1 பகா எண் என்ற முடிவைச் சொல்கிறார். பகா எண்களாகக் கொட்டும் அந்தப் புகழ்பெற்ற 41-சூத்திரம் (ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்து 41 கூட்டுவது) வருவதும் இதே கடிதத்தில்தான். ஒரு கடிதத்தில் இவ்வளவு!

எப்படிச் செய்தார் என்பதுதான் சுவையான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேலே. அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்து, எதுவும் வகுக்கவில்லை என்றால் வேலை முடிந்தது. ஆனால் அப்படிப்பட்ட பகா எண்கள் நாலாயிரத்து எழுநூறுக்கு மேல். பத்து இலக்க எண்ணைக் கையால் அத்தனை முறை வகுக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

அதனால் ஆய்லர் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார். நம் எண்ணை வகுக்கும் ஒரு பகா எண் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அதற்கு 'க' என்று பெயர். அந்த க எப்படிப்பட்டதாக இருக்க முடியும்? 2³¹ − 1-ஐ க வகுக்கிறது என்றால், 2³¹-ஐ க-ஆல் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-இன் (க − 1)-ஆவது அடுக்குக்கும் மீதி 1. முதன்முதலாக மீதி 1 தரும் அடுக்கு எதுவோ அது இந்த இரண்டு அடுக்குகளையும் வகுத்தாக வேண்டும். 31 பகா எண் என்பதால் அந்த முதல் அடுக்கு 31-ஆகத்தான் இருக்க முடியும். ஆக 31 என்பது க − 1-ஐ வகுக்கும். க ஒற்றைப்படை, அதனால் க − 1 இரட்டைப்படை. எனவே க-வை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். மேலே உடைந்துபோன எண்களிலும் இதைப் பார்க்கலாம்: 2¹¹ − 1-இன் காரணிகள் 23-உம் 89-உம் 22-இன் மடங்கைவிட ஒன்று கூட, 233, 1103, 2089 மூன்றும் 58-இன் மடங்கைவிட ஒன்று கூட.

இதோடு விடவில்லை. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது க-வின் மீதி உலகத்தில் (எல்லா எண்ணுக்கும் பதிலாக அதை க-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் உலகம்) 2 என்பது ஒரு வர்க்க எண். 2 வர்க்கமாக இருக்கும் பகா எண்கள் எல்லாமே 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தருபவை மட்டுமே. இரண்டு நிபந்தனையையும் சேர்த்தால், க-வை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63. வேறு எதுவும் கிடையாது. 46340 வரை அப்படிப்பட்ட எண்கள் மொத்தம் 373. அதில் முதலாவதான 63-ஐ 7 × 9 என்று பார்த்தவுடனே தூக்கி எறியலாம், மிச்சம் 372. அவற்றிலும் பகா எண்களை மட்டும் வடிகட்டினால் எண்பதைச் சுற்றித்தான் நிற்கும். நாலாயிரத்து எழுநூறு எங்கே, எண்பது எங்கே.

ஒன்றைச் செய்து பார்த்தால் கைக்குப் பிடிபடும். பட்டியலில் வரும் முதல் பகா எண் 311 (248 + 63). நீள வகுத்தல் வேண்டாம், வர்க்கப்படுத்தியே போகலாம். 2⁸ = 256, அதை −55 என்று வைத்துக்கொள்வோம். வர்க்கம் 3025, 311-ஆல் வகுத்தால் மீதி 226; இது 2¹⁶. மறுபடி வர்க்கம் 51076, மீதி 72, இது 2³². பாதியாக்கினால் 2³¹-க்கு 36. ஒன்று கழித்தால் 35. பூச்சியம் இல்லை, ஆக 311 வகுக்காது. அடுத்தது 1303, அதற்கடுத்தது 1489... நான் ஒரு முறை ரயிலில் போகும்போது நோட்டுப் புத்தகத்தில் இதை உட்கார்ந்து செய்ய ஆரம்பித்து, பன்னிரண்டாவது எண்ணில் ஒரு தப்புப் பண்ணி, நிறுத்திவிட்டேன். கண் தெரியாதவர் செய்து முடித்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

இது ரொம்ப நாள் உலகத்துக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் எண் கோட்பாடு பற்றி எழுதிய புத்தகத்தில், இதிலிருந்து வரும் செவ்விய எண்தான் மனிதன் கண்டுபிடிக்கப்போகும் மிகப்பெரிய செவ்விய எண்ணாக இருக்கும், இதெல்லாம் வெறும் ஆர்வத்துக்குத்தான், பயன் இல்லாததால் இதற்கு மேல் யாரும் தேடப்போவதில்லை என்ற பொருளில் எழுதிவைத்தார். செவ்விய எண் என்றால் தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாக இருப்பது, 6 = 1 + 2 + 3 மாதிரி. நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128, எட்டாவது செவ்விய எண். பாவம் பார்லோ. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் 2-இன் 136279841-ஆவது அடுக்கிலிருந்து ஒன்று குறைவு, அதில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள்.

ஆய்லரின் வழி இந்த அளவு எண்களுக்கு ஓடாது. அதற்கு லூக்காஸ் தொடங்கி 1930 வாக்கில் லேமர் செம்மைப்படுத்திய சோதனை இருக்கிறது. விதி மிக எளிது: 4-இல் ஆரம்பி, வர்க்கப்படுத்தி 2 கழி, நம் எண்ணால் வகுத்த மீதியை எடு, திரும்பச் செய். 29 தடவை (அடுக்கான 31-ஐவிட இரண்டு குறைவு) செய்ததும் பூச்சியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. சின்ன உதாரணமாக 2⁵ − 1 = 31-ஐ எடுத்தால் 4, 14, 194 (மீதி 8), 62 (மீதி 0). முடிந்தது. நம் எண்ணுக்கு 4, 14, 194, 37634, 1416317954 என்று போகும், அதற்குப் பிறகு மீதி எடுக்க ஆரம்பித்ததும் கன்னாபின்னாவென்று சிதறும். ஆனால் பூச்சியத்துக்கு முந்தைய எண் என்னவாக இருக்கும் என்று கணக்குப் போடாமலே சொல்லலாம்! அதை வர்க்கப்படுத்தி 2 கழித்தால் பூச்சியம் என்றால், அதன் வர்க்கம் 2. நம் எண்ணின் மீதி உலகத்தில் 2-இன் வர்க்கமூலங்கள் இரண்டே இரண்டு: 65536, அல்லது அதன் மைனஸான 2147418111. ஆய்லர் பிடித்த அதே 65536. நூறு ஆண்டு கழித்து வேறு வாசல் வழியாக வந்து நிற்கிறது.

வர்க்கமூலம் என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. பொதுவாக ஒரு பகா எண்ணின் மீதி உலகத்தில் வர்க்கமூலம் எடுப்பது கொஞ்சம் தொல்லை பிடித்த வேலை. 4-ஆல் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்களுக்கு மட்டும் குறுக்கு வழி உண்டு: பகா எண்ணோடு ஒன்றைக் கூட்டி நாலால் வகுத்து, அந்த அடுக்குக்கு உயர்த்தினால் போதும். நம் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் 2³¹, நாலால் வகுத்தால் 2²⁹. ஆக வர்க்கமூலம் வேண்டுமா, 29 தடவை வர்க்கப்படுத்து! கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், 31-ஐ வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 2-ஐ மூன்று தடவை வர்க்கப்படுத்தினால் 4, 16, 256, மீதி 8. எட்டெட்டு 64, மீதி 2. (4-ஆல் வகுத்தால் 3 மீதி என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு, நம் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவே முடியாது.)

இதுவரை ஒன்று கூட்டிப் பார்த்தோம். ஒன்று கழித்தால்? 2147483646 = 2 × (2³⁰ − 1), அதுவும் (2¹⁵ − 1)(2¹⁵ + 1) என்று பிரியும், அதாவது 32767 × 32769. முதலாவது 7 × 31 × 151 என்று மேலேயே பார்த்தோம், இரண்டாவது 9 × 11 × 331. ஆக மொத்தம் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இருநூறு கோடிக்கு மேல் போகும் எண்ணில் பெரிய பகாக் காரணி வெறும் 331.

இது ஏன் முக்கியம் என்றால், ஓர் எண்ணின் அடுக்குகள் எவ்வளவு தூரம் சுற்றிவிட்டு 1-க்குத் திரும்பும் என்பதை இந்தக் காரணிகள்தான் தீர்மானிக்கின்றன. 2-ஐ அடுக்கிக்கொண்டே போனால் 31 அடியிலேயே திரும்பி வந்துவிடும், பார்த்தோம். ஆனால் 7-ஐ அடுக்கினால் 1 முதல் 2147483646 வரை ஒன்று விடாமல் எல்லா எண்களையும் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் 1-க்கு வரும். இப்படிப்பட்டவற்றுக்கு பிரிமிடிவ் ரூட் என்று பெயர், இந்த எண்ணுக்கு அவை மொத்தம் 53 கோடியே 46 லட்சம் இருக்கின்றன, அவற்றில் மிகச் சிறியது 7. அடுக்கு எண் மேலே சொன்ன காரணிகளில் எதோடும் பங்கு போடாமல் இருந்தால் 7-இன் அந்த அடுக்கும் பிரிமிடிவ் ரூட்தான். பட்டியலைப் பாருங்கள், 2 இருக்கிறது, 3 இருக்கிறது, 5 இல்லை. அதனால் 7⁵ = 16807 சரியாக அமைகிறது.

இந்த 16807-ஐப் பார்த்ததும் பழைய ப்ரோக்ராமர்கள் சிலர் சிரிப்பார்கள். முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்த மீதியை எடு, அதுதான் அடுத்த ரேண்டம் எண் என்ற முறை 1969-இல் வந்தது. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் ஏதோ ஒன்றைப் போட்டுக் குழப்புவதற்குக் குறைந்தபட்சம் இதையாவது வையுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். சி ப்ளஸ் ப்ளஸ் மொழியின் தர நூலகத்தில் இன்றும் இருக்கிறது. நீங்களே எழுதினால் சரிபார்க்க ஒரு வழி: 1-இல் ஆரம்பித்து 10000 தடவை ஓடினால் 1043618065 வர வேண்டும். பிழையாக எழுதினால் பெரும்பாலும் பெருக்கும்போது 32 பிட்டைத் தாண்டிப் போவதுதான் காரணமாக இருக்கும். நானே கல்லூரியில் அப்படி எழுதி, ரேண்டம் எண்கள் எல்லாம் ஏன் மைனஸில் வருகின்றன என்று ஒரு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன். ஒன்று மட்டும், இன்றைய பெரிய சிமுலேஷன் வேலைகளுக்கு இதைப் போடாதீர்கள். 214 கோடி என்பது இப்போதைய கம்ப்யூட்டருக்குச் சில நொடி வேலை, அதற்குள் சுற்று முடிந்து அதே எண்கள் திரும்ப வர ஆரம்பித்துவிடும்.

ரகசியக் குறியீட்டுக்கு இந்தப் பகா எண் ஆகுமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆகவே ஆகாது. சின்ன எண் என்பது ஒரு பக்கம். ஒரு மீதியைக் கொடுத்து, 7-இன் எந்த அடுக்கு அதைத் தந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தால்தான் பூட்டு, இங்கேயோ விடையை 2, 9, 7, 11, 31, 151, 331 ஆகியவற்றால் வகுத்த மீதிகளைத் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஒட்டவைத்துவிடலாம். இருநூறு கோடித் தேடல், சில நூறு தேடல்களாகக் குறுகிவிடுகிறது.

ஆனால் சமீபத்தில் பக்கத்து வீடு ஒன்றில் இதற்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு கணக்கைச் சரியாகச் செய்தேன் என்பதை, முழுவதையும் காட்டாமல் நிரூபிக்கும் ஸீரோ நாலெட்ஜ் முறைகளில் சில, 2024 வாக்கிலிருந்து இந்தப் பகா எண்ணையே அடித்தளமாக எடுத்துக்கொள்கின்றன. அங்கே ஒரு கூட்டத்தைப் பாதி, பாதியின் பாதி என்று வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒன்று கழித்த எண்ணில் 2 ஒரே ஒரு தடவைதான் வருகிறது, வெட்ட முடியாது. ஒன்று கூட்டிய எண் 2³¹, ஆசை தீர வெட்டலாம். இந்த மீதி உலகத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அதாவது இரு எண்களின் வர்க்கங்கள் கூடி 1 வரும் ஜோடிகளை எண்ணினால், சரியாக 2³¹ புள்ளிகள் இருக்கும். அந்த வட்டத்தின் மேல் நின்று வேலையை முடித்துக்கொள்கிறார்கள். லூக்காஸ் சோதனை ஓடுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே 2³¹ பேர் கொண்ட கூட்டம்தான்.

கடைசியாக ஒன்று. 31-உம் 2⁵ − 1 என்ற மெர்சென் பகா எண்ணே. மெர்சென் பகா எண்ணையே அடுக்காக வைத்துப் பகா எண் கிடைத்தது இதுவரை நாலு இடத்தில்தான் தெரியும்: 7, 127, நம் எண், 2¹²⁷ − 1. அப்படியானால் 2147483647-ஐயே அடுக்காக வைத்தால்? அந்த எண்ணில் 64 கோடிக்கு மேல் இலக்கங்கள், எழுதி வைக்கக்கூட யாரும் முயல மாட்டார்கள். ஆனாலும் அது பகா எண் இல்லை என்று தெரியும், 295257526626031 அதை வகுக்கிறது. ஆய்லர் விதிப்படி இதிலிருந்து ஒன்றைக் கழித்தால் நம் எண்ணின் இரட்டைப்படை மடங்காக இருக்க வேண்டும், பாருங்கள், 2147483647 × 137490. 8-ஆல் வகுத்தால் மீதி 7, அதுவும் சரி. உண்மையிலேயே வகுக்கிறதா என்று பார்க்க அந்த 64 கோடி இலக்கமும் தேவையில்லை: 2-இல் ஆரம்பித்து, வர்க்கப்படுத்தி இரட்டிப்பாக்கி 295257526626031-ஆல் வகுத்த மீதியை எடுப்பதை 30 தடவை செய்யுங்கள், 1 வந்து நிற்கும். ப்ரோக்ராமாக எழுதினால் நாலு வரி, 64 பிட்டைத் தாண்டும் பெருக்கலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.